சட்ட நிறுவனத்தை விட்டு சுயேச்சை ஆர்பிட்ரேட்டராகப் போகலாமா?

கேள்வி கேட்டவர் சென்னையில் ஒரு பெரிய சட்ட நிறுவனத்தில் பார்ட்னர். பதினைந்து வருடமாகக் கட்டுமானம், மின் உற்பத்தி ஒப்பந்தங்களில் வரும் தகராறுகளில் வாதாடி வருகிறார். ‘நிறுவனத்தை விட்டு விலகி, சுயேச்சையான பன்னாட்டு வணிக ஆர்பிட்ரேட்டராகவும் பயிற்சியாளராகவும் ஆக விரும்புகிறேன். என்ன தகுதி வேண்டும்? முதல் வழக்கு எப்படி வரும்? வருமானம் எப்படி இருக்கும்? வேலையை எப்போது விடுவது?’ என்று கேட்டிருக்கிறார்.

போகலாம். மனம் நிறையும் வேலை இது. ஆனால் அவார்டு (தரப்புகள் நியமிக்கும் நடுவரான ஆர்பிட்ரேட்டர் தரும் தீர்ப்பு) எழுத நன்றாகப் பழகிய பிறகு ராஜினாமா செய்யுங்கள். பட்டம், பேனல் (ஆர்பிட்ரேஷன் அமைப்புகள் வைத்திருக்கும் ஆர்பிட்ரேட்டர் பட்டியல்), மாநாட்டு மேடை எல்லாம் உங்கள் பெயரை நாலு பேருக்குத் தெரிய வைக்கும். உங்களை இரண்டாம் முறை நியமிப்பார்களா என்பதை முடிவு செய்வது நீங்கள் எழுதிய முதல் அவார்டுதான். வழக்கறிஞராக நுழைந்து, ஆர்பிட்ரேட்டர்களுக்கு உதவும் தீர்ப்பாயச் செயலாளராக இருந்து, இன்று ஆர்பிட்ரேட்டராகவும் பயிற்சியாளராகவும் இருக்கிறேன். இத்தனை காலத்தில் நான் பார்த்தது இதுதான். கீழே எழுதும் எல்லாமே அதைச் சுற்றித்தான் வரும்.

வேலை என்ன என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு கொரிய நிறுவனம் தமிழ்நாட்டில் ஒரு மின் நிலையத்துக்குக் கொதிகலன் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். தகராறு வந்தால் கொரியருக்குச் சென்னை நீதிமன்றம் வேண்டாம், இந்தியருக்குச் சியோல் நீதிமன்றம் வேண்டாம். அதனால் ‘சிங்கப்பூரில் மூன்று ஆர்பிட்ரேட்டர்கள் முன்பு’ என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறார்கள். பெரும்பாலும் ஆளுக்கொருவரை நியமிப்பார்கள். தலைவரை அந்த இருவரோ, வழக்கை நடத்தும் அமைப்போ தேர்ந்தெடுக்கும். கடைசியில் வரும் அவார்டை 1958 ஜூன் 10-ல் உருவான நியூயார்க் உடன்படிக்கையின்கீழ் 170-க்கும் மேற்பட்ட நாடுகளில் நிறைவேற்றலாம். இந்தியா அன்றைக்கே கையெழுத்துப் போட்டது, 1960-ல் உறுதி செய்தது. ஒரு தனிமனிதர் எழுதும் தாளுக்கு இத்தனை நாட்டு நீதிமன்றங்கள் மதிப்புத் தருவதால்தான் இந்தத் தொழிலே இருக்கிறது.

முதலீட்டு ஆர்பிட்ரேஷன் வேறு. அதில் வெளிநாட்டு முதலீட்டாளர் ஒரு அரசை எதிர்த்து, நாடுகளுக்கு இடையிலான ஒப்பந்தத்தை வைத்து வழக்குப் போடுவார். அப்படி இருநாட்டு முதலீட்டு ஒப்பந்தத்தின் அடிப்படையில் உலகில் முதலில் வந்த அவார்டு ஈழத்து மண்ணோடு தொடர்புடையது. மட்டக்களப்புப் பகுதியில் இருந்த ஒரு இறால் பண்ணை 1987 ஜனவரியில் ராணுவ நடவடிக்கையில் அழிந்தது. அதில் பங்கு வைத்திருந்த ஹாங்காங் நிறுவனம் இலங்கை அரசுமீது வழக்குப் போட்டது. 1990-ல் அவார்டு வந்தது. நம் பக்கத்து வழக்கறிஞர்களிலேயே பலர் இதைக் கேள்விப்பட்டதில்லை என்பதால் சொன்னேன். நீங்கள் கேட்பது வணிக ஆர்பிட்ரேஷன், அதற்கே வருகிறேன்.

எதற்காகச் சுயேச்சையாக இருக்க வேண்டும்? பெரிய நிறுவனத்தின் பெயரும் அலுவலகமும் இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். சிக்கல் நலமுரண். உங்கள் நிறுவனத்தில் இருநூறு வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள் என்று வையுங்கள். உங்களை ஆர்பிட்ரேட்டராக நியமிக்க யாரோ கேட்கிறார்கள். நிறுவனத்தில் பெயர்களைத் தேடிப் பார்த்தால், எதிர்த்தரப்பின் துணை நிறுவனம் ஒன்றுக்கு டெல்லி கிளையில் யாரோ குத்தகைப் பத்திரம் எழுதிக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான், நியமனம் போயிற்று. 2015-ல் திருத்தப்பட்ட நம் ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் ஏழாம் அட்டவணை இதில் கறாராக இருக்கிறது. உங்கள் சட்ட நிறுவனத்துக்கு ஒரு தரப்போடு இப்போது கணிசமான வணிக உறவு இருந்தால் நீங்கள் ஆர்பிட்ரேட்டராக இருக்கவே முடியாது. தகராறு எழுந்த பிறகு இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் மட்டும் விலக்கு. இன்னொரு பக்கம், உங்களுக்கு வரும் ஒரு சிறு நியமனத்தால் நிறுவனத்துக்கு ஒரு பெரிய வாடிக்கையாளர் கைநழுவிப் போகலாம். அதனால் உங்கள் சக பார்ட்னர்களே அதை விரும்ப மாட்டார்கள். நாற்பது, ஐம்பது வயதில் பலர் வெளியே வருவது இதனால்தான்.

வெளியே வந்ததும் பிரச்சினை தீர்ந்துவிடாது, ஆனால் உங்கள் கைக்குள் வந்துவிடும். நியமனம் கேட்டு மின்னஞ்சல் வந்ததும், வழக்கின் தொகை எவ்வளவு என்று பார்க்கும் முன்பே நான் பெயர்களைப் பார்ப்பேன். தரப்புகள், அவர்களின் தாய் நிறுவனம், துணை நிறுவனங்கள், வழக்குக்கு நிதி தருபவர் இருந்தால் அவர், இரு பக்க வழக்கறிஞர்கள், மற்ற ஆர்பிட்ரேட்டர்கள் என்று ஒவ்வொரு பெயரையும் என் பழைய வழக்குகளின் அட்டவணையில் தேடுவேன். ஒரே தரப்பு மூன்று வருடத்துக்குள் இரண்டு முறையோ அதற்கு மேலோ என்னை நியமித்திருக்கிறதா? ஒரே வழக்கறிஞரிடமிருந்து மூன்றுக்கு மேல் நியமனம் வந்திருக்கிறதா? இவை சர்வதேச வழக்கறிஞர் சங்கத்தின் நலமுரண் வழிகாட்டியில் ஆரஞ்சுப் பட்டியலில் வருபவை. 2004-ல் வந்த அந்த வழிகாட்டி, கடைசியாக 2024-ல் திருத்தப்பட்டது. சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று மூன்று பட்டியல். சிவப்பில் பெரும்பாலும் விலகியே ஆக வேண்டும், ஆரஞ்சில் சொல்லியே ஆக வேண்டும், பச்சையில் சொல்ல வேண்டியதில்லை.

‘சொன்னால் நியமனம் போய்விடுமோ’ என்று பயந்து பேசாமல் இருப்பவர்கள் உண்டு. அது தவறு. மெக்சிகோ வளைகுடாவில் 2010-ல் நடந்த எண்ணெய்க் கிணறு வெடிப்பை ஒட்டிய காப்பீட்டுத் தகராறில், ஒரே சம்பவம் தொடர்பான வேறு நியமனங்களையும் ஏற்ற ஆர்பிட்ரேட்டர் அதை மறுதரப்பிடம் சொல்லவில்லை. ஹாலிபர்ட்டன் நிறுவனத்துக்கும் சப் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இடையிலான அந்த வழக்கில் 2020-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், சொல்வது சட்டப்படியான கடமை என்று தீர்மானித்தது. அந்த வழக்கின் சூழ்நிலையில் அவரை நீக்கவில்லை என்றாலும், வருடக்கணக்கில் அவர் பெயர் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கியது. அதே 2020-ல், சீன நீச்சல் வீரர் சுன் யாங்மீது விளையாட்டுத் தீர்ப்பாயம் விதித்த தடையை ஸ்விட்சர்லாந்து உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தீர்ப்பாயத் தலைவர் முன்பு போட்டிருந்த ட்வீட்டுகள், அவர் சீனர்கள்மீது காழ்ப்பு கொண்டவர் என்ற சந்தேகத்தை எழுப்பின என்பதுதான் காரணம். பயிற்சி வகுப்பில் இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துத்தான் பேசுவேன். இன்றே உங்கள் சமூக வலைத்தளக் கணக்குகளைப் பின்னோக்கிப் போய்ப் படியுங்கள். ஒரு நாட்டையோ இனத்தையோ தொழிலையோ பொத்தாம்பொதுவாகத் திட்டிய பதிவு ஒன்று இருந்தாலும், அது ஒருநாள் எதிர்த்தரப்பின் மனுவில் இணைப்பாக வரும்.

தகுதி பற்றி நீளமாகச் சொல்ல எதுவும் இல்லை. சட்டப் பட்டமே கட்டாயம் இல்லை. பொறியாளர்கள், கணக்காளர்கள், கப்பல் துறையினர் எத்தனையோ பேர் நல்ல ஆர்பிட்ரேட்டர்கள். 2019 திருத்தத்தில் இந்தியா எட்டாம் அட்டவணை என்று ஒன்றைக் கொண்டுவந்து தகுதிகளைப் பட்டியலிட்டது. அது வெளிநாட்டவரை ஒதுக்கிவிடும் என்ற எதிர்ப்பு வந்ததும் 2021-ல் அதை எடுத்தே விட்டார்கள். நடைமுறையில் எல்லோரும் போகும் வழி, லண்டனில் 1915-ல் தொடங்கிய சார்ட்டர்ட் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஆர்பிட்ரேட்டர்ஸ். அங்கே அசோசியேட், மெம்பர், ஃபெல்லோ என்று படிகள் உண்டு. ஃபெல்லோ ஆக அவார்டு எழுதும் தேர்வில் தேறி, நேர்காணலுக்கும் போக வேண்டும். உங்களைப் போல அனுபவம் உள்ளவர்களுக்குக் குறுக்கு வழிப் படிப்புகளும் இருக்கின்றன. அவற்றில் சேர்ந்தாலும் அவார்டு தேர்வை மட்டும் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். இருபது வருடம் வாதாடிய சீனியர்கள் அதில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். வாதாடும் கை ஒரு பக்கத்தையே எழுதிப் பழகியது என்பதுதான் காரணம்.

சரி, முதல் நியமனம். மனுப் போட்டுப் பெறும் பதவி இல்லை இது. பேனலில் பெயர் சேர்ந்துவிட்டால் வழக்கு வரும் என்றும் இல்லை. பெரிய அமைப்புகளின் பேனலில் பல நூறு பெயர்கள் இருக்கின்றன. புதியவருக்கு முதல் வாய்ப்பு பெரும்பாலும் அமைப்பின் மூலமாக, சிறிய தொகை வழக்கில், ஒற்றை ஆர்பிட்ரேட்டராக வரும். இப்போது அதற்கான வாசல் முன்பைவிட அகலம். சிங்கப்பூர் பன்னாட்டு ஆர்பிட்ரேஷன் மையம் 2025 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகளில், பத்து லட்சம் சிங்கப்பூர் டாலர் வரையிலான வழக்குகளுக்கு மூன்று மாதத்தில் அவார்டு தரும் எளிய நடைமுறையும், ஒரு கோடி டாலர் வரை ஆறு மாதத்தில் முடிக்கும் விரைவு நடைமுறையும் வைத்திருக்கிறது. பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு வணிகச் சபையான ஐ.சி.சி.யும் 2017 முதல் விரைவு நடைமுறையை நடத்துகிறது. இந்த வழக்குகளுக்குக் கட்டணம் குறைவு, கெடு நெருக்கடி. பெயர் பெற்றவர்களுக்கு நேரம் இருக்காது. புதியவருக்கு இடம் கிடைப்பது அங்கேதான். அந்தச் சின்ன வழக்கைப் பெரிய வழக்கு போலவே எண்ணி நடத்துங்கள். அமைப்பின் செயலகத்தில் இருக்கும் இளம் வழக்கறிஞர் உங்கள் ஒவ்வொரு மின்னஞ்சலையும் பார்க்கிறார். காலக்கெடுவை மதிக்கிறீர்களா, தரப்புகளின் சில்லறைச் சண்டைகளை ஒரே நாளில் தீர்க்கிறீர்களா, அவார்டு வரைவு பிழையில்லாமல் வருகிறதா என்பதெல்லாம் அங்கே நினைவில் நிற்கும்.

நியமனம் வரும் இன்னொரு வழியைப் பலர் கவனிப்பதில்லை. உங்களோடு எதிர்த்து வாதாடியவர்கள்தான் அது. அவர்களின் அடுத்த வழக்கில் யாரை நியமிக்கலாம் என்று யோசிக்கும்போது, ‘அன்றைக்கு எதிர்ப்பக்கம் நின்றாரே, ஆவணம் கேட்டால் ஒளிக்காமல் கொடுத்தார், கணக்கை நேராகச் சொன்னார்’ என்று நினைவுக்கு வருவீர்கள். இப்போது நீங்கள் நடத்தும் ஒவ்வொரு வழக்கும் அந்த வகையில் உங்களுக்கான பரீட்சை. தீர்ப்பாயச் செயலாளராக வேலை செய்யும் வழியும் உண்டு. ஆனால் உங்கள் அனுபவத்துக்கு அது சற்றுக் கீழ்ப்படி, உங்கள் ஜூனியர்களுக்குச் சொல்லுங்கள். நீங்கள் பெண் என்றால், ஆர்பிட்ரேட்டர் நியமனத்தில் பெண்களைக் கூடுதலாகப் பரிசீலிப்போம் என்று 2016 முதல் பல சட்ட நிறுவனங்களும் அமைப்புகளும் கையெழுத்திட்டிருக்கும் உறுதிமொழி ஓரளவு உதவும். அமைப்புகள் செய்யும் நியமனங்களில் மாற்றம் தெரிகிறது, தரப்புகள் தாங்களே செய்யும் நியமனங்களில் இன்னும் போக வேண்டிய தூரம் அதிகம்.

இனி அவார்டு. பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. வணிகச் சட்ட ஆணையத்தின் மாதிரி ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 31-ஆம் பிரிவு கேட்பது கொஞ்சம்தான்: எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், தேதியும் ஆர்பிட்ரேஷனின் இருப்பிடமும் குறிக்க வேண்டும். இதைப் படித்துவிட்டு அவார்டு எழுதுவது சுலபம் என்று நினைப்பவர்களுக்கு நான் காட்டுவது சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025-ல் உறுதி செய்த ஒரு வழக்கு. இந்தியாவின் சரக்கு ரயில் பாதைத் திட்டத்தைச் சேர்ந்த தகராறு அது. குறைந்தபட்சக் கூலியை அரசு உயர்த்தியதால் ஒப்பந்ததாரருக்குக் கூடுதல் தொகை உண்டா என்பது கேள்வி. இதே கேள்வி வேறு இரண்டு ஒப்பந்தங்களில் எழுந்து, இந்தியாவில் வேறு தீர்ப்பாயங்கள் முன்பு முடிந்திருந்தது. மூன்றுக்கும் தலைவர் ஒருவரே. சிங்கப்பூர் அவார்டில் 451 பத்திகள். அவற்றில் குறைந்தது 212 பத்திகள் அந்தப் பழைய அவார்டுகளிலிருந்து அப்படியே வந்தவை. இந்த வழக்கில் யாரும் வைக்காத வாதங்கள் உள்ளே வந்திருந்தன. வேறு ஒப்பந்தத்தின் ஷரத்துகள் வந்திருந்தன. வட்டிக்கும் செலவுக்கும் இருப்பிடமான சிங்கப்பூரின் சட்டத்தை விட்டுவிட்டு இந்தியச் சட்டத்தைப் பயன்படுத்தியிருந்தார்கள். மற்ற இரு ஆர்பிட்ரேட்டர்களும் பழைய வழக்குகளில் இல்லாதவர்கள், தலைவர் மனதில் இருந்த விஷயங்கள் அவர்கள் கைக்கு வரவே இல்லை. அவார்டு ரத்தானது. முடிவு சரியா தவறா என்று நீதிமன்றம் பார்க்கவில்லை. தங்கள் வழக்கைத் திறந்த மனதோடு கேட்டார்கள் என்று தரப்புகள் நம்ப முடியவில்லை, அது போதுமானதாக இருந்தது.

எனக்கு இந்த வழக்கு ஏன் முக்கியமென்றால், இது யாருக்கும் நேரலாம். அனுபவம் கூடக் கூட, ‘இதைத்தான் முன்பே பார்த்திருக்கிறேனே’ என்ற எண்ணம் முந்திக்கொண்டு வரும். கட்டுமான வழக்குகளில் ஊறிய உங்களுக்கு அது இன்னும் எளிதில் வரும். பழைய அவார்டிலிருந்து சட்ட நிலைப்பாட்டுப் பகுதியை மட்டும் எடுத்து ஒட்டலாம் என்று தொடங்குவது வேறு எங்கோ போய் முடியும். நான் பழைய கோப்பைத் திறப்பதே இல்லை. புதிய வழக்குக்குப் புதிய தாள்.

எழுதும் முறையைச் சொல்கிறேன். விசாரணைக்கு முன்பே, இரு தரப்பும் கேட்கும் நிவாரணங்களை வரிசையாக எழுதி வைத்துவிடுவேன். அசல், வட்டி எந்தத் தேதியிலிருந்து, எந்த விகிதத்தில், எந்த நாணயத்தில், செலவு, எதிர்க்கோரிக்கை என்று எல்லாம். அவார்டு முடிந்ததும் அந்தப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்கிறதா என்று டிக் போடுவேன். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விடுவதும் ஆபத்து, கேட்காததைக் கொடுப்பதும் ஆபத்து. பிறகு பிரச்சினைப் பட்டியல். ஒவ்வொரு பிரச்சினையிலும் தோற்கும் தரப்பின் வாதத்தை, அவர்களே எழுதியிருந்தால் எவ்வளவு வலுவாக எழுதுவார்களோ அவ்வளவு வலுவாக முதலில் எழுதிவிடுவேன். அதற்கப்புறம்தான் என் காரணம். ஜெயித்தவர் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு மூடி வைப்பார். ஒவ்வொரு வரியையும் படிப்பவர் தோற்றவர். அவருக்காகத்தான் எழுத வேண்டும்.

உங்கள் துறையிலிருந்தே ஒன்று எடுத்துக்கொள்வோம். ஒப்பந்ததாரர் 180 நாள் கால நீட்டிப்பு கேட்கிறார். உரிமையாளர் ஒரு நாள்கூடத் தர முடியாது என்கிறார். இரு நிபுணர்களும் வெவ்வேறு முறையில் கணக்குப் போடுகிறார்கள். கோப்பையெல்லாம் படித்த பிறகு, இருவருமே சொல்லாத மூன்றாவது முறையில் கணக்கிட்டால் 95 நாள் வரும் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. பொறியியல்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனாலும் அதை நேரே அவார்டில் எழுதக் கூடாது. ‘இப்படி ஒரு முறை எங்களுக்குத் தோன்றுகிறது, உங்கள் கருத்து என்ன’ என்று இரு தரப்புக்கும் எழுதிக் கேட்டு, பதில் வாங்கிய பிறகே எழுத வேண்டும். நடுவில் ஒரு தொகையைப் பிடித்து இருவரையும் சமாதானப்படுத்துவது ஆர்பிட்ரேட்டரின் வேலை இல்லை. நம் ஊர்ப் பஞ்சாயத்துப் பழக்கம் நம்மில் பலருக்கு ரத்தத்தில் ஊறியது, இந்த இடத்தில் அதை வலிந்து விலக்கிவைக்க வேண்டும்.

நடைமுறையை நடத்துவதும் இதே கையால்தான். நைஜீரியாவுக்கு எதிரான எரிவாயு ஒப்பந்த வழக்கில் 2017-ல் 660 கோடி டாலர் அவார்டு வந்தது, வட்டியோடு 1,100 கோடியைத் தாண்டியது. 2023-ல் லண்டன் நீதிமன்றம், லஞ்சமும் பொய்ச்சாட்சியமும் அரசின் ரகசியச் சட்ட ஆவணங்கள் எதிர்த்தரப்பின் கைக்குப் போனதும் நிரூபணமானதாகச் சொல்லி அந்த அவார்டு மோசடியால் பெறப்பட்டது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பாயத்தில் இருந்த மூவரும் பெரும் புகழ் பெற்றவர்கள், அவர்கள்மீது குற்றம் சாட்டப்படவில்லை. ஆனால் ஒரு பக்கம் தன் வழக்கையே ஒழுங்காக நடத்தாமல் தடுமாறும்போது ஆர்பிட்ரேட்டர்கள் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்கலாமா என்ற கேள்வியை நீதிபதி நோல்ஸ் தன் தீர்ப்பிலேயே எழுப்பினார். தலைவராக உட்காரும் ஒவ்வொரு வழக்கிலும் எனக்கு அந்தக் கேள்வி நினைவில் இருக்கிறது. ஒரு தரப்புக்காக வாதாடக் கூடாது. ஆனால் ‘இந்தத் தொகைக்கு ஆதாரம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது’ என்று கேட்க ஆர்பிட்ரேட்டருக்கு முழு உரிமை உண்டு. கேட்காமல் விடுவதுதான் கடமை தவறுவது.

வருமானம். ஐ.சி.சி., சிங்கப்பூர் போன்ற இடங்களில் வழக்குத் தொகையை வைத்து அட்டவணைப்படி கட்டணத்தை அமைப்பே தீர்மானிக்கிறது. லண்டன் பன்னாட்டு ஆர்பிட்ரேஷன் மன்றமான எல்.சி.ஐ.ஏ.யில் மணிக்கணக்கு. ஐ.சி.சி.யில் மூவர் தீர்ப்பாயம் என்றால் பெரும்பாலும் தலைவருக்கு 40 சதவீதம், மற்ற இருவருக்கும் தலா 30. வரைவு அவார்டைத் தாமதமாகக் கொடுத்தால் கட்டணத்தைக் குறைக்கும் வழக்கத்தை 2016 முதல் ஐ.சி.சி. வைத்திருக்கிறது. இந்தியாவில் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் ஆர்பிட்ரேட்டர் ஒருவருக்கு 30 லட்சம் ரூபாய் உச்சவரம்பு உண்டு. பன்னாட்டு வணிக வழக்குகள் அதற்குள் வராது. தரப்புகளின் சம்மதம் இல்லாமல் ஆர்பிட்ரேட்டர்கள் தாங்களே கட்டணம் நிர்ணயிக்கக் கூடாது என்று ஓ.என்.ஜி.சி., ஆஃப்கான்ஸ் வழக்கில் 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நல்ல தீர்ப்பு, இந்த விஷயத்தில் நம் நாட்டுப் பெயர் கெட்டுப் போயிருந்தது.

தொகையைவிட அது வரும் நேரம்தான் சிரமம். பணத்தின் பெரும்பகுதி வழக்கு முடிந்த பிறகு வரும். நீங்கள் இரண்டு வாரம் ஒதுக்கி வைத்த விசாரணை, தொடங்கும் முன்பே சமரசம் ஆகிவிடும். அந்த இரண்டு வாரத்துக்கு வேறு வேலையும் ஏற்றிருக்க மாட்டீர்கள். நிறுவனத்தில் மாதாமாதம் பணம் வந்து பழகிய குடும்பத்துக்கு இது கடினம். இரண்டு வருட வீட்டுச் செலவு கையில் இல்லாமல் வெளியே வராதீர்கள். பணத் தேவை இருக்கும் ஆர்பிட்ரேட்டர், தன்னை நியமித்தவர் முகத்தைப் பார்க்கத் தொடங்குவார். அதைவிடப் பெரிய கெடுதல் இந்தத் தொழிலில் இல்லை.

பயிற்சியாளர் வேலையைப் பலர் இந்த இடைவெளியை நிரப்பும் வருமானமாகவோ விளம்பரமாகவோ நினைக்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. உண்மையில் பயிற்சிக்குக் கிடைக்கும் பணம், அதற்குத் தயாராகும் நேரத்துக்கு ஈடாகாது. நான் கற்றுத்தரக் காரணம், என் கை மழுங்காமல் இருக்க வேண்டும் என்பதுதான். என் வகுப்பில் பத்துப் பக்கத்துக்கு ஒரு கற்பனை வழக்கைக் கொடுப்பேன். விற்பவர் சரக்கை அனுப்பினார், வாங்கியவர் தரம் சரியில்லை என்று பணம் தரவில்லை. சாதாரணமாகத்தான் தெரியும். ஆனால் மனுவில் வட்டி கேட்டிருக்கும், எந்தத் தேதியிலிருந்து என்று இருக்காது. எதிர்க்கோரிக்கை வேறு நாணயத்தில் இருக்கும். ஒரு சாட்சி விசாரணைக்கு வந்திருக்க மாட்டார், அவர் வாக்குமூலம் மட்டும் கோப்பில் இருக்கும். ஒரே நாளில் அவார்டு எழுத வேண்டும். திருத்தும்போது பார்த்தால், வராத சாட்சியின் வாக்குமூலத்துக்கு எவ்வளவு மதிப்புத் தந்தேன், ஏன் என்று எழுதியவர்கள் சிலரே இருப்பார்கள். மற்றவர்கள் ஒன்று அதை முழுதாக நம்பியிருப்பார்கள், அல்லது ஒரு வார்த்தையும் சொல்லாமல் விட்டிருப்பார்கள். அதைச் சிவப்பு மையில் குறிக்கும்போது, என் மேஜையில் இருக்கும் நிஜ வரைவில் இதே இடத்தை நான் எப்படி எழுதினேன் என்று போய்ப் பார்க்கத் தோன்றும். அது எனக்குக் கிடைக்கும் கூலி.

வியன்னாவில் ஈஸ்டருக்கு முன் வாரம் நடக்கும் விஸ் மூட் என்ற மாணவர் மாதிரி ஆர்பிட்ரேஷன் போட்டியில் நடுவராக உட்காருவதும் நல்ல தொடக்கம். 1994 முதல் நடக்கிறது, ஹாங்காங்கில் அதன் கிழக்குப் பதிப்பு உண்டு. இந்திய மாணவர் அணிகள் நிறைய வருகின்றன. அங்கே மூன்று நாட்டு வழக்கறிஞர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரே வாதத்தைக் கேட்டு மூன்று விதமாக மதிப்பெண் போடுவதைப் பார்த்தால், பன்னாட்டுத் தீர்ப்பாயத்தின் உள்ளே என்ன நடக்கும் என்பது கொஞ்சம் புரியும். ஜெர்மன்காரர் ஆவணத்தை முன்வைப்பார், ஆங்கிலேயர் குறுக்கு விசாரணையை முன்வைப்பார்.

பயிற்சியிலும் நலமுரண் பார்க்க வேண்டும். ஒரே கல்லூரியில் பாடம் எடுப்பது, ஒரே மாநாட்டில் பேசுவது எல்லாம் பச்சைப் பட்டியலில் இருப்பவை. ஆனால் ஒரு சட்ட நிறுவனம் தன் வழக்குக்கான ஒத்திகை விசாரணைக்கு உங்களை மீண்டும் மீண்டும் கூப்பிட்டால் அது 2024 திருத்தத்தில் ஆரஞ்சில் சேர்ந்துவிட்டது. ஒரே நிறுவனத்தின் வழக்கறிஞர்களுக்கு மட்டும் பணம் வாங்கிப் பயிற்சி கொடுத்தால், பட்டியலில் பெயர் சொல்லி இல்லாவிட்டாலும், நான் சொல்லிவிடுவேன். நீங்கள் இன்னும் வழக்கறிஞராகப் பதிவில் இருக்கும் வரை வழக்கறிஞர்கள் சட்டத்தின்கீழ் மத்திய அரசு வகுத்த விதிப்படி சட்டம் கற்பிப்பது நாளுக்கு மூன்று மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

உங்கள் நிலைமைக்கு வருகிறேன். இப்போதிருந்து ராஜினாமா வரை இரண்டு மூன்று வருடம் வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தில் இருந்தபடியே ஃபெல்லோ ஆகுங்கள். சென்னையில் நானி பல்கிவாலா ஆர்பிட்ரேஷன் மையத்திலும் உயர் நீதிமன்ற ஆர்பிட்ரேஷன் மையத்திலும் உள்நாட்டு வழக்குகளை ஏற்று நடத்துங்கள். பன்னாட்டு அமைப்புகள் பேனலில் சேர்க்கும்போது நீங்களே எழுதிய அவார்டுகள் உண்டா என்றுதான் கேட்கும், உள்நாட்டு அவார்டும் அவார்டுதான். கட்டுமானம் தெரிந்த உங்களுக்கு இன்னொரு கதவு உண்டு. ஃபிடிக் (ஆலோசகப் பொறியாளர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு) வகுத்த மாதிரிக் கட்டுமான ஒப்பந்தங்களில் வேலை நடக்கும்போதே தகராறைத் தீர்க்கும் வாரியம் ஒன்று இருக்கும், 2017 பதிப்பில் அது தொடக்கத்திலிருந்தே நிரந்தரமாக இருக்க வேண்டும். அதில் உறுப்பினராக இருந்தால் தளத்துக்குப் போவீர்கள், காரணம் சொல்லி முடிவு எழுதுவீர்கள், மாதச் சம்பளம் போல ஓரளவு வருமானமும் வரும். வெளியே வந்த முதல் வருடங்களில் இது பெரிய ஆதரவு.

விலகும்போது ஒன்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கடந்த மூன்று வருடத்தில் நீங்களும் உங்கள் நிறுவனமும் யாருக்கெல்லாம் வேலை செய்தீர்கள் என்பது இனி வரும் ஒவ்வொரு நியமனத்திலும் கேட்கப்படும். வெளியே வந்த பிறகு அந்தக் கோப்புகள் உங்களிடம் இருக்காது. எனவே, நீங்கள் பெயர்களை அனுப்பினால் இரண்டு மூன்று நாளுக்குள் தேடிப் பார்த்து ‘உண்டு, இல்லை’ என்று பதில் தருவதாக நிறுவனத்திடம் ஒப்பந்தம் போடுங்கள், மூன்று வருடத்துக்கு. நல்ல உறவோடு பிரிகிறவர்களுக்கு அதைக் கொடுப்பார்கள். முதல் நியமன மின்னஞ்சல் வரும் அன்று இது கையில் இல்லாவிட்டால், நேர்மையாக நலமுரண் வெளிப்படுத்தல் கடிதம் எழுத உங்களால் முடியாது.